வாலை வெட்டினார்கள், வயிற்றைத் தைத்துவிட்டார்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை எங்கள் கடையில் இருபது வருஷத்துக்கும் மேலாக வாங்கி வருகிறோம். வாரம் ஒரு நாள் வருகிற கம்ப்யூட்டர் பக்கத்தை நான் விடுவதே இல்லை. போன் வருகிறது, போனின் கேமரா வருகிறது, போன் பேட்டரியை எப்படிக் காப்பாற்றுவது என்று வருகிறது, எப்போதாவது லேப்டாப் வருகிறது. மவுஸைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என் வலது கை எதன் மேல் இருக்கிறதோ அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இடம் இல்லையென்றால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், ஸ்க்ரூ சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரும் சின்னக் கடை என்னுடையது. ஆற்காட்டில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, மெஷினில் தட்டிக்கொண்டிருந்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவள். திங்கட்கிழமை குறைதீர்வு நாள், அன்றைக்குத்தான் எங்களுக்குப் பிழைப்பு. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் போகும் வரைக்கும் அரக்கோணத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து இங்கே வரிசையில் நிற்பார்கள். இப்போது கூட்டம் குறைவுதான், ஆனாலும் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் என்று வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பட்டா, முதியோர் உதவித்தொகை, பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு. எழுதித் தரச் சொல்லி என் எதிரில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு ஆயாவின் ஆவணங்களை ஸ்கேன் செய்து, கையெழுத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது மவுஸ் நின்றுவிட்டது. எதிரில் ஆறேழு பேர். என்னிடம் வேலை பார்க்கும் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சுக்கா" என்றான். ஆயா பதறிப்போய், "இன்னாம்மா, யாரு பூட்டாங்க?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மவுஸ் செத்துப்போய்விட்டது என்று அந்த இடத்தில் எப்படி விளக்குவது?

சனிக்கிழமை ராத்திரி முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்த மவுஸ் அது. வாங்கிய புதிதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் ஓடியது, இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒன்றரை நாளுக்கு வந்துவிட்டது. சரி, கேபிளைச் செருகி ஓட்டிக்கொள்ளலாம் என்றால், மவுஸில் இருப்பது பழைய சின்னப் பின், கடையில் இருக்கிற சார்ஜர் எல்லாம் சி டைப். மவுஸோடு வந்த கேபிள் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்து மூன்று கடைகளிலும் சி டைப்தான். கடைசியில் எதிர் டீக்கடை மாஸ்டர் தன்னுடைய பட்டன் போனின் சார்ஜரைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வருகிற வரைக்கும் கீபோர்டை வைத்து ஒப்பேற்றினேன். இது நிறையப் பேருக்குத் தெரியாது. விண்டோஸில் இடது பக்கத்து ஆல்ட், இடது பக்கத்து ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கேள்வி கேட்கும், ஆமாம் என்று என்டர் தட்டினால் போதும், வலது பக்க எண் பட்டன்களால் அம்புக்குறியை நகர்த்தலாம், 5 அழுத்தினால் க்ளிக். கட்டை வண்டி வேகம்தான், ஆனால் வேலை நிற்காது. ஆயாவின் கையெழுத்தை அப்படித்தான் வெட்டி எடுத்தேன். அவர் கையெழுத்துப் போடுகிறவர், அதைச் சொல்லியாக வேண்டும், ரேகை வைக்கிறீர்களா என்று பையன் கேட்டதற்கு முறைத்துவிட்டார்.

இந்த மவுஸ் எப்படி வந்தது என்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒயர் வைத்த மவுஸ்தான் பல வருஷம் வைத்திருந்தேன். கழுத்துக் கிட்டே ஒயர் உள்ளே அறுந்து, ஒரு கோணத்தில் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் செய்யாது. ஒரு தடவை நிஜ எலி வந்து ஒயரைக் கடித்துவிட்டுப் போனது. 1964-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட் யோசித்து பில் இங்கிலிஷ் மரக்கட்டையில் செய்த முதல் மவுஸுக்கு, ஒயர் வால் மாதிரி இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். வால்தான் தொல்லை என்று வாலில்லாத மவுஸுக்கு மாறினேன். தமிழில் சுட்டி என்று எழுதச் சொல்கிறார்கள், பொருத்தமான பெயர்தான், வீட்டுச் சுட்டிப் பிள்ளைக்கு என்னென்ன உபசாரம் வேண்டுமோ அத்தனையும் இதற்கும் வேண்டியிருக்கிறது.

முதலில் வாங்கியது பென்சில் செல் போடுகிற வகை. நன்றாகத்தான் இருந்தது. ஒரு கோடை விடுமுறைக்குப் பத்து நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், உள்ளே கிடந்த செல் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அல்கலைன் செல்லுக்குள் இருக்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து காற்றுப் பட்டு அப்படி ஆகிறது. எலுமிச்சம்பழச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போகும், புளிப்பு அந்தக் காரத்தை முறித்துவிடும், துடைத்த பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். அப்படிச் செய்தும் ஸ்பிரிங் துரு ஏறி உடைந்துவிட்டது. அப்போதுதான் கடைக்காரர், "எதுக்குக்கா செல் தொல்லை, சார்ஜ் மவுஸ் எடுத்துக்கோங்க, செல்லே வாங்க வேணாம்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. செல் வாங்க வேண்டாம்தான். கொஞ்ச நாள் கழித்து மவுஸையே வாங்க வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டுமே. சார்ஜ் மவுஸ் கையில் லேசாக இருக்கிறது, செல் கனம் இல்லை. நாள் பூராவும் ஃபோட்டோஷாப்பிலும் கோரலிலும் இழுக்கிற கைக்கு அந்த வித்தியாசம் சாயந்திரம் மணிக்கட்டில் தெரியும். என் மவுஸ் க்ளிக் சத்தமே இல்லாத வகை. மனு எழுத வந்தவர்கள் அழுதுகொண்டே சொல்லும்போது டக் டக்கென்று சத்தம் வராமல் இருப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் பழக வேண்டும். ஐந்து பத்து நிமிஷம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான், அதை எழுப்ப ஒரு க்ளிக் வீணாகப் போகும். முதல் மாதம் அந்த வீணான க்ளிக்கை நான் கணக்கில் எடுக்காமல், அது வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி தட்டி, ஒரு விண்ணப்பத்தை இரண்டு தடவை சமர்ப்பித்துவிட்டேன்.

அப்புறம் அந்தக் குட்டி ரிசீவர். கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கிறது, தொலைத்தால் மவுஸே போச்சு, ஏனென்றால் பெரும்பாலான மலிவு மவுஸ்களில் இந்த ரிசீவருக்கு இந்த மவுஸ் என்று தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள், இன்னொன்றின் ரிசீவரைச் செருகினால் கண்டுகொள்ளாது. அதை எங்கே செருகுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. என் சிபியூவின் பின்பக்கம் இருந்த நீல நிறப் போர்ட்டில், பென்டிரைவுக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். பெரிய ஃபைலைக் காப்பி எடுக்கும்போதெல்லாம் அம்புக்குறி குடித்தவன் மாதிரி தள்ளாடும். சார்ஜ் குறைவு என்று நினைத்துச் சார்ஜ் போட்டேன், மாறவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த நீலப் போர்ட் யுஎஸ்பி 3.0 வகை, அது வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளம்புகிறது, ஒயரில்லாத மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ரிசீவரை மேஜை மேல், மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன், தள்ளாட்டம் நின்றது. மவுஸ் கெட்டுப்போச்சு என்று தூக்கிப்போடுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. என் மேஜைக்கு மேலே கண்ணாடி. மவுஸின் அடியில் இருக்கிற சென்சார் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் கை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது. வெறும் கண்ணாடியில் அதற்குப் படம் எடுக்க ஒன்றுமே தெரியாது. மவுஸ் பேட் வாங்கினேன், வேர்வையில் ஓரம் சுருண்டது. முந்தின நாள் பேப்பரை நான்காக மடித்துப் போட்டேன், அருமையாக ஓடுகிறது. பொடி எழுத்து இருக்கிற பக்கம்தான் நல்லது, டெண்டர் விளம்பரப் பக்கம் ரொம்ப நல்லது. வழவழப்பான இணைப்புத் தாளில் தடுமாறுகிறது. மை கொஞ்சம் கையில் ஒட்டும், பரவாயில்லை.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிறார்கள், காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் வரைக்கும். யுபிஎஸ் கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கிவிடும், மானிட்டர் இருட்டாகிவிடும், மவுஸின் அடியில் மட்டும் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், யாருக்காக எரிகிறது என்று. உடனே அடியில் இருக்கிற ஸ்விட்சை ஆஃப் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை அதற்கும் கரண்ட் கட்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேலூரா வெயிலூரா என்று ஒவ்வொரு மே மாதமும் நீங்களே எழுதுகிறீர்கள். என் கடைக்கு மேலே சிமெண்ட் ஷீட். கத்திரி வெயிலில் மத்தியானம் மேஜையைத் தொட்டால் சுடும். சார்ஜ் மவுஸுக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. போனில் இருப்பதன் தம்பி. அதற்கு ஆகாத இரண்டு விஷயம் சூடும், எப்போதும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைப்பதும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் ஒரு வருஷம் கிடந்தால், அது பிடித்து வைக்கிற மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிரந்தரமாகப் போய்விடும் என்று பேட்டரி தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பாதிச் சார்ஜில் வைத்திருந்தால் இழப்பு அதில் பாதிகூட இருக்காது. எங்கள் ஊரில் 40 டிகிரி என்பது ஆராய்ச்சிக்கூடத்து எண் இல்லை, மே மாதத்துச் சாதாரண மத்தியானம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ராத்திரி கடையைப் பூட்டும்போது மவுஸைச் சார்ஜில் போட்டு, சூடாக இருக்கிற யுபிஎஸ் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டுப் போவேன். தினமும். அதற்கு ஏதோ நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். அதனால் இந்தக் கதையில் பாதிக் குற்றம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். அட்டைப் பெட்டிக்குள் வந்த காகிதத்தில் இப்படிச் செய்யாதீர்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால் கால் குற்றமாகக் குறைந்திருக்கும். அதில் எட்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை, எந்த மொழியிலும் பேட்டரியைப் பற்றிச் சார்ஜ் ஏற்றும் நேரத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு மாதம் கழித்து மவுஸின் இடது பட்டன் தானாகவே அழுந்த ஆரம்பித்தது. தொட்டாலே க்ளிக். டேபிளில் வைத்தால் லேசாக ஆடுகிறது, அடிப்பாகம் உப்பியிருக்கிறது. பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே வாயு சேர்ந்து பை மாதிரி ஆகி, மேலே இருக்கிற பட்டனை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது.

திறந்து பேட்டரியை மாற்றலாம் என்று திருப்பிப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூகூட இல்லை. முன்பு செல் போட்ட மவுஸுக்கு அடியில் ஒரு கதவு இருந்தது, நகத்தால் தள்ளினால் திறக்கும், ஆறு வயதுப் பிள்ளைகூடச் செல் மாற்றும். இதில் கதவும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை, வழவழவென்று மொழுகி வைத்திருக்கிறார்கள். லாங்கு பஜார் பக்கம் போன் சர்வீஸ் செய்கிற ஒரு தம்பியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மவுஸின் அடியில் ஒட்டியிருக்கிற வழுக்கும் பட்டைகளை, மவுஸின் பாதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதைப் பிளேடால் மெல்ல உரித்தார். இரண்டு ஸ்க்ரூ அங்கே ஒளிந்துகொண்டிருந்தன. மூன்றாவது, நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்குக் கீழே. அந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. உள்ளே பார்த்தால் தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு பேட்டரி, 3.7 வோல்ட், 500 எம்ஏஎச் (அது பிடித்து வைக்கிற மின்சாரத்தின் அளவு) என்று எழுதியிருக்கிறது, சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று, இரண்டையும் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் ஐயா. பூட்டி வைத்த ரகசியம் இவ்வளவுதான்.

அவர் உப்பிய பேட்டரியை ஒயரை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, மணல் போட்ட ஒரு டப்பாவில் வைத்தார். இரண்டு ஒயரையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாதாம், கத்தரிக்கோலே இரண்டையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். அதே அளவில் வேறொரு பேட்டரி வைத்துப் பற்றவைத்தார். பேட்டரியும் கூலியும் சேர்த்து 150 ரூபாய், இருபது நிமிஷம். உரித்த பட்டைகள் மறுபடி சரியாக ஒட்டவில்லை, ஒரு மூலை தூக்கிக்கொண்டு பேப்பரில் கீறுகிறது. மற்றபடி மவுஸ் புதிது மாதிரி, மறுபடி மூன்று வாரம் ஓடுகிறது.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். பட்டன் நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது, சென்சார் நன்றாக இருக்கிறது. கெட்டது 500 எம்ஏஎச் பேட்டரி ஒன்று. அது கெடும் என்பது செய்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், லித்தியம் பேட்டரி என்றால் முழுசாக 300 முதல் 500 தடவை ஏற்றி இறக்கினால் தளர ஆரம்பிக்கும் என்பது அவர்கள் பாடத்தில் முதல் பக்கம். தெரிந்தே அதை உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். வாலை வெட்டினார்கள், சந்தோஷம். வயிற்றை ஏன் தைக்க வேண்டும்?

பெரிய கம்பெனி, விலை கூடின மவுஸ் என்றால் இந்த வம்பு இருக்காது என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் கம்பெனி 2015-இல் கொண்டுவந்த மேஜிக் மவுஸ் 2-க்குச் சார்ஜ் ஓட்டை அடிவயிற்றில். சார்ஜ் போட வேண்டும் என்றால் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், அந்த நேரத்தில் வேலை செய்ய முடியாது. 2024-இல் சி டைப்புக்கு மாற்றினார்கள், ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த விலைக்கு நான் என் கடைக்கு ஒரு பழைய பிரிண்டரே வாங்கிவிடுவேன். என் மவுஸிலாவது ஓட்டை மூக்கில் இருக்கிறது, ஒயரைச் செருகிக்கொண்டே மனு எழுதலாம்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கிற போன், டேப்லெட், ஹெட்போனோடு மவுஸுக்கும் சி டைப்தான் இருக்க வேண்டும், மவுஸ் என்று பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். 2023-இல் வந்த இன்னொரு சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் இந்த மாதிரிப் பொருள்களில் இருக்கிற பேட்டரியை, ஒரு சில விலக்குகள் தவிர, வாங்கியவரே சாதாரணக் கருவிகளை வைத்துக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு விதிகள் வந்தன, செத்த பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பவர் தலையில் வைத்தார்கள், அது நல்லதுதான். அதே வருஷம் டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை ஒரு இணையதளமும் தொடங்கியது. ஆனால் பேட்டரியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அது மவுஸிலிருந்து வெளியே வர வேண்டுமே. நான் காயலான் கடைக்காரரிடம் பழைய மவுஸ் இரண்டைக் கொடுத்துப் பார்த்தேன். கிலோ கணக்கில் பிளாஸ்டிக் எடுப்பவர், ஒயர் மவுஸை வாங்கிக்கொண்டார், சார்ஜ் மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உள்ளே பேட்டரி கீதுமா, அடுக்கி நசுக்கனா புகையும், வேணாம்" என்றார். சட்டம் படித்தவர் இல்லை, ஆனால் சரியாகச் சொன்னார். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கும்.

எங்கள் வீட்டுக்காரர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "அறுநூறு ரூபா மவுஸுக்கு இவ்ளோ பெரிய லெட்டரா? ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 600 ரூபாய் மவுஸுக்கு 150 ரூபாய் செலவு செய்து, ஒரு மணி நேரம் பஜாருக்கு அலைந்து, இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்தால் பாதிப் பேர் புதிதுதான் வாங்குவார்கள். கதவு இருந்திருந்தால் பஜாருக்கு ஏன் போகிறேன்? பேட்டரி 80 ரூபாய்க்குத் தனியாகக் கிடைத்து, ஒயருக்குப் பதில் செருகுகிற மாதிரி முனை இருந்து, அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால், என் பையனே ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுவான். எங்கள் வரிசையில் மட்டும் பதினோரு டைப்பிங் கடை, கடைக்கு இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு வருஷத்துக்கு ஒரு மவுஸ் என்று வைத்துக்கொண்டாலும் பாருங்கள். ஒரு மவுஸ் என்றால் அற்பம்தான்.

இப்போதைக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு, நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் பென்சில் செல் மவுஸே திரும்ப வாங்கிவிட்டேன், ஆனால் அதில் சார்ஜ் ஏற்றும் பென்சில் செல்லைப் போட்டிருக்கிறேன். நிக்கல் வகை, நான்கு செல்லும் சார்ஜரும் சேர்ந்து வரும். ஒன்று உள்ளே, மற்றது மேஜை டிராயரில் தயாராக. தீர்ந்தால் கதவைத் தள்ளி மாற்றினால் போதும், சார்ஜ் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம், கேபிள் தேட வேண்டாம். செல் செத்தால் செல்லை மட்டும் வாங்கலாம். சாதாரண செல் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தான், அதனால் சில மவுஸ்கள் சார்ஜ் குறைவு என்று முன்கூட்டியே சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்தும், கண்டுகொள்ள வேண்டாம். கனம் கொஞ்சம் கூடத்தான். சார்ஜ் மவுஸே வைத்திருக்கிறவர்கள் ராத்திரி பூராவும் போட்டு வைக்காமல், மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் அரை மணி ஏற்றிவிட்டு எடுத்துவிடுங்கள், பாதிக்கு மேல் இருந்தால் போதும், ஜன்னல் ஓரத்திலும் யுபிஎஸ் மேலும் வைக்காதீர்கள், நீண்ட நாள் கடை பூட்டினால் பாதிச் சார்ஜில் ஆஃப் செய்து பீரோவில் வையுங்கள்.

கடைக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தேன், இதில் பேட்டரி மாற்ற முடியுமா என்று. ஒருவர் சிரித்தார். ஒருவர், "அக்கா, இப்ப இதுக்குத்தான் மவுசு" என்றார். வேண்டுமென்று சொன்னாரா, வாயில் அப்படி வந்ததா தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் புதுப் பொருள்களைப் பற்றி எழுதும்போது விலை, நிறம், எத்தனை நாள் சார்ஜ் நிற்கும் என்பதோடு, பேட்டரி செத்தால் திறக்க முடியுமா, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது, அந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மவுஸ் மட்டுமில்லை, காதில் மாட்டுகிற புளூடூத், கையில் கட்டுகிற வாட்ச், பிள்ளைகள் விளையாடுகிற சார்ஜ் கார் எல்லாவற்றுக்கும். பத்திரிகையில் கேட்க ஆரம்பித்தால் வாங்குகிறவர் கடையில் கேட்பார், கடைக்காரர் ஏஜெண்டைக் கேட்பார். நான் தனியாகக் கேட்டால் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

இதை எழுதி முடித்தபோது மவுஸில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கேபிள் இந்தத் தடவை டிராயரில் பத்திரமாக இருக்கிறது, டீ மாஸ்டருக்கு அவருடைய சார்ஜரை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒடுகத்தூர் ஆயா போன வாரம் மறுபடி வந்தார், மனு இன்னும் விசாரணையில் இருக்கிறதாம். உட்கார்ந்ததும் என் கையைப் பார்த்து, "அது நல்லா கீதா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை வெளியிட்டால் தயவுசெய்து உள்பக்கத்தில், பொடி எழுத்தில் போடுங்கள். மறுநாள் அது என் மவுஸுக்குக் கீழே வரும்.